பத்துக்குப் பன்னிரண்டு

பூங்காவனத்தை வரச்சொன்னதே ரத்னாதான். அதைப் பிற்பாடு யாரிடம் மறைத்தாலும் தன்னிடம் மறைக்க அவளால் முடியவில்லை.

அந்த ஜனவரியில் ஊரூர் ஒல்காட் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் ஒரு விழிப்புணர்வு முகாம் நடந்தது. நடத்தியது 'தாய்நிழல்' அறக்கட்டளை. அசோக் நகரில் ஒரு மாடியில் இரண்டு அறையும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் உள்ள சின்ன நிறுவனம். பெற்றோர் இல்லாத பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்ப்பது, சேர்த்தபின் போய்ப் போய்ப் பார்ப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகள் நலக்குழுவுக்கு அறிக்கை கொடுப்பது, இவைதான் அங்கே வேலை. எந்தப் பிள்ளை எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் குழுவுக்கு. ஆனால் குழு எதைப் படித்துவிட்டுத் தீர்மானிக்கிறதோ, அதை எழுதுகிறவள் ரத்னா.

முகாமில் மைக்கைப் பிடித்து அவள் சொன்னாள். "பக்கத்து வீட்டுப் பிள்ளை, சொந்தக்காரங்க பிள்ளைன்னு யாராவது வளர்த்துட்டு இருந்தா, முறையாப் பேப்பர் வாங்கிக்கோங்க. பேப்பர் இருந்தா நாளைக்கு யாரும் வந்து கேள்வி கேக்க முடியாது."

கூட்டம் கலைந்து சுண்டல் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்பிள்ளை ஒட்டிக்கொண்டிருக்க, ஐம்பது வயதை நெருங்கிய ஒருத்தி வந்து நின்றாள். காலை மீன் விற்பனையை முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தாள். சேலையில் செதில் மினுங்கியது.

"இன்னாம்மோ சொன்னியே பேப்பரு, அத எங்க குடுக்குறாங்கோ?"

அவள்தான் பூங்காவனம். பிள்ளை மோனிஷாவுக்கு ஐந்தரை வயது. எதிர் வீட்டுச் சரசு பெற்ற பிள்ளை. அப்பன் விசைப்படகு வேலைக்கென்று ஆந்திரா பக்கம் போனவன், போனவன்தான். சரசு, சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடம் முன்னால் செத்துப்போனாள். இழவுக்கு வந்த உறவு ஒன்றிரண்டும் பிள்ளையைப் பற்றிப் பேச்சு வருவதற்குள் பஸ் ஏறிவிட்டது.

"பொணத்த எடுத்த அன்னிக்கு என் முந்தானையைப் புட்ச்சுது இது. இன்னும் வுடல" என்றாள் பூங்காவனம். "ஒண்ணாங் கிளாசுல சேக்கணும். நீ இன்னா ஒறவு, காயிதம் கீதான்னு கேக்குறாங்கோ. அத்தன்னு சொன்னா வாயில சொன்னா போதாதாம்."

"நீங்க ஆபீசுக்கு வாங்கம்மா. நான் வாங்கித் தரேன்" என்றாள் ரத்னா. மனசார நினைத்துத்தான் சொன்னாள்.

பிப்ரவரியில் பூங்காவனம் வந்தாள். தலைக்குக் குளித்து, சரிகைக்கரை போட்ட சேலை கட்டி, பிள்ளைக்கு இரட்டைப் பின்னல் போட்டு அழைத்து வந்திருந்தாள். ரத்னா அவர்களைக் குழுவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். குழுவின் தலைவி ஜமீலுன்னிசா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. கடுமையானவர் இல்லை. ஆனால் காகிதம் இல்லாத எதையும் பார்த்துப் பழக்கமில்லாதவர்.

"இந்தக் குழந்தை உங்ககிட்ட எந்த உத்தரவின் பேரில் இருக்கு?"

"உத்தரவா? எங்கிட்டதான் தூங்குது" என்றாள் பூங்காவனம்.

அறையில் இருந்த இன்னொரு உறுப்பினர் சிரித்துவிட்டார். ஜமீலுன்னிசா சிரிக்கவில்லை. தாயும் இல்லை, தகப்பன் இருக்கும் இடம் தெரியவில்லை, ரத்த உறவில்லாத ஒருவர் வீட்டில் உத்தரவில்லாமல் இரண்டு வருடமாக ஒரு பெண்குழந்தை. விதி என்ன சொல்கிறதோ அதைச் சொன்னார். வீட்டு ஆய்வு முடிகிறவரை குழந்தை சைதாப்பேட்டையில் உள்ள பெண்குழந்தைகள் இல்லத்தில் இருக்கும்.

பூங்காவனத்துக்கு அது புரிவதற்குள் பிள்ளையை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"ரெண்டு நாள்தான் கண்ணு. அத்தை வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்று ரத்னா சொன்னாள். அந்த இரண்டு நாள் எழுபது நாளாயிற்று.

வீட்டு ஆய்வுக்கு ரத்னா டேப் எடுத்துக்கொண்டு போனாள். ஒரே அறை, பத்துக்குப் பன்னிரண்டு. மூலையில் அடுப்பு. கழிப்பறை நான்கு வீட்டுக்குப் பொது. சுவரில் புதுசாக வெள்ளையடித்த வாசனை போகவில்லை. புதுப் பாய் ஒன்று சுருட்டி நிறுத்தியிருந்தது. அவள் உட்காரவென்று எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்திருந்தது. பூங்காவனம் கதவோரம் நின்றபடி, கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னாள். புருஷன் இல்லை. ஒரே மகன் தேசிங்கு, காசிமேட்டில் குடித்தனம். அவன்மேல் அடிதடி கேஸ் ஒன்று இருப்பதையும் அவளேதான் சொன்னாள். "அவன் இங்க வர்றதே பொங்கலுக்குத்தாம்மா. அதையும் எய்துவியா?"

"எழுதணும்மா."

"எய்து. பொய் சொல்லி வாங்க வேணாம்."

ரத்னா பிறந்து வளர்ந்தது நந்தனத்துக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில். அந்த வீடும் ஓர் அறைதான். அதில் ஐந்து பேர் படுத்தெழுந்தார்கள். அங்கே மண்ணெண்ணெய் விளக்கில் படித்துத்தான் அவள் சமூகப்பணியில் பட்டம் வாங்கினாள். ஆகவே 'குழந்தைக்குத் தனியாகப் படுக்கும் இடம் உண்டா' என்ற கட்டத்துக்கு எதிரே பேனா கொஞ்ச நேரம் நின்றது.

அலுவலகத்தில் ராகேஷ் அவளைக் கூப்பிட்டான். தாய்நிழலின் நிர்வாகி அவன். அவளைவிட ஆறு வயது சின்னவன், எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"ரத்னா, மயிலாப்பூர் கப்பிள் ஒண்ணு ஆறு மாசமா வெயிட்டிங். மூணு பெட்ரூம். அவர் பேங்க் ஆபீசர், அந்தம்மா மேத்ஸ் டீச்சர். பொண்ணு குழந்தைதான் வேணும்னு கேட்டாங்க. இந்தக் குழந்தையை அவங்களுக்கு மேட்ச் பண்ணா என்ன?"

"அந்தப் பிள்ளைக்கு ஆள் இருக்குங்க, ராகேஷ். பூங்காவனம்."

"நான் வேணாம்னு சொல்லலையே. ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வை. குழந்தைக்கு எது நல்லதுன்னு குழு பாத்துக்கட்டும். நீ உள்ளதை உள்ளபடி எழுது, போதும்." பிறகு வேறு ஏதோ ஃபைலைப் புரட்டியபடியே சொன்னான். "ஏப்ரல்ல உன் கான்ட்ராக்ட் ரின்யூவல் வருதில்ல? இந்த வருஷம் ப்ளேஸ்மென்ட் நம்பர் கொஞ்சம் கம்மியா இருக்கு."

உள்ளதை உள்ளபடிதான் எழுதினாள். இடவசதி போதாது. தனிக் கழிப்பறை இல்லை. வருமானம் நிலையற்றது. மகன்மேல் குற்ற வழக்கு நிலுவையில். ஒன்றுகூடப் பொய்யில்லை. பிள்ளை பூங்காவனத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும் என்பதை எழுதக் கட்டம் எதுவும் இல்லை. இருந்த 'இதர குறிப்புகள்' கட்டத்தை அவள் காலியாக விட்டாள்.

மே மாதம் மோனிஷா மயிலாப்பூர் போனாள்.

ஸ்ரீரங்கனும் மாளவிகாவும் கெட்டவர்கள் இல்லை. அப்படி இருந்திருந்தால் ரத்னாவுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். கல்யாணமாகிப் பதினோரு வருடம். தத்தெடுப்புக்குப் பெயர் பதிந்து மூன்று வருடமாக வரிசையில் இருந்தார்கள். அதற்கிடையில் வளர்ப்புப் பராமரிப்பு என்று ஒன்று இருப்பதை யாரோ சொல்ல, வந்தார்கள். குளத்துக்குப் பின்புறத் தெருவில் இரண்டாவது மாடி. பிள்ளைக்கென்று ஓர் அறை, மஞ்சள் திரை, மேஜை, உருண்டை பூகோளம். சொத்தைப் பல்லுக்கு டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். வெள்ளிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய் வைத்தார்கள். முதல் வாரமே நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கினார்கள்.

"மோனிஷான்னு கூப்பிட எனக்கு என்னமோ வாய் வரல்லை. மானசின்னு கூப்பிட்டுண்டிருக்கேன். தப்பில்லையே?" என்று முதல் வருகையின்போது மாளவிகா கேட்டாள்.

"ரெக்கார்டுல மோனிஷாதான் மேடம்."

"ரெக்கார்டுல இருந்துட்டுப் போகட்டும். ஆத்துல கூப்பிடறதுக்குச் சொல்றேன்."

ரத்னா தலையாட்டினாள்.

பிள்ளை படுக்கையை நனைத்தது. தட்டில் வைத்த இட்லியில் பாதியைக் கவுனுக்குள் ஒளித்தது. 'இன்னா' என்று கேட்டது. கேட்டபோதெல்லாம் மாளவிகா பொறுமையாக 'என்ன' என்று திருத்தினாள். மீன் வேண்டும் என்று ஒருநாள் ஒரு மணி நேரம் அழுததாம். இதையெல்லாம் மாளவிகா ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள்.

"அந்தப் பொம்மனாட்டியைக் கொஞ்ச நாளைக்குப் பாக்க விடாம இருந்தா தேவலை. குழந்தை மனசு அங்கயே போறது" என்றாள். ரத்னா அதைப் பரிந்துரையாக எழுதினாள். 'குழந்தை புதிய சூழலில் நிலைபெறும் பொருட்டு முதல் மூன்று மாதங்களுக்குச் சந்திப்பைத் தவிர்க்கலாம்.' குழு ஏற்றுக்கொண்டது.

கிளம்பும்போது பிள்ளை வாசல்வரை வந்தது. மெதுவாகக் கேட்டது. "அத்த எப்ப வரும்?"

"லீவுல" என்றாள் ரத்னா. எந்த லீவு என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் மீன் வியாபாரம் மந்தம். செவ்வாய்தோறும் பூங்காவனம் பஸ் பிடித்து அசோக் நகர் வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். மேலே ஏறி வரமாட்டாள். ரத்னா இறங்கித்தானே ஆக வேண்டும்.

"பிள்ளை நல்லா இருக்கும்மா. நல்ல ஸ்கூல்ல படிக்குது."

"நல்லா கீதுன்னா ஒரு தபா காட்டேன். எட்ட நின்னு பாத்துட்டுப் பூடறேன்."

"உத்தரவு இல்லம்மா."

"உத்தரவு ஆரு போட்டது?"

"குழு."

"கொயுவுக்கு எய்திக் குடுத்தது ஆரு?"

ரத்னா ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அடுத்த செவ்வாயிலிருந்து பின்பக்க இரும்புப் படியில் இறங்கிப் போக ஆரம்பித்தாள். பின்பக்கம் இருப்பது பூங்காவனத்துக்கும் தெரியும். அவள் அங்கே வந்து மறிக்கவில்லை. ரத்னாவுக்கு அதுதான் அதிகம் உறுத்தியது.

ஆகஸ்டில் அது நடந்தது. மீன் வாங்கும் வாடிக்கைக்காரி ஒருத்தி வழியாக எந்தப் பள்ளிக்கூடம் என்று பூங்காவனம் தெரிந்துகொண்டிருக்கிறாள். பள்ளி விடும் நேரத்துக்குப் போய், எதிர்ச்சாரியில் ஒரு இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். கூப்பிடவில்லை, கை காட்டவில்லை. பிள்ளைதான் பார்த்தது. மாளவிகாவின் கையை உதறிக்கொண்டு "அத்தே" என்று கத்தியபடி சாலையில் ஓடியது. ஒரு ஆட்டோ பிரேக் போட்டுச் சறுக்கி ஓர் அடி தள்ளி நின்றது. பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

மாளவிகா போனில் கூப்பிட்டாள். "ஏதாவது ஆயிருந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது? சொல்லுங்கோ ரத்னா. அவகிட்டப் போகணும்னு அழற குழந்தையைப் பாதி ரோட்டுலேருந்து இழுத்துண்டு வர வேண்டியதாப் போச்சு. தெருவே வேடிக்கை பாத்தது."

எச்சரிக்கைக் கடிதத்தை ரத்னாதான் தட்டச்சு செய்தாள். அதை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனதும் அவள்தான். பூங்காவனம் வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். ரத்னா கடிதத்தைப் படித்துக் காட்டினாள். இனி பள்ளிக்கோ வீட்டுக்கோ அருகில் வந்தால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.

பூங்காவனம் கையைக் கழுவிவிட்டு வந்து, எழுத்துக் கூட்டித் தன் பேரைப் போட்டாள். கேட்டது ஒன்றுதான்.

"அடி பட்டுச்சாமே. முட்டியிலியா, கையிலியா?"

"கையிலம்மா. லேசாத்தான்."

"மஞ்சா வெச்சாங்களா?"

"ஆயின்மென்ட் போட்டாங்க."

அதற்குப் பிறகு அவள் அசோக் நகர் வருவதை நிறுத்திவிட்டாள்.

நவம்பர் பரிசீலனையில் மோனிஷா மாறியிருந்தாள். படுக்கையை நனைப்பதில்லை. அழுவதில்லை. சொல்லிக் கொடுத்த சுலோகத்தைக் கை கட்டிச் சொன்னாள். "நேக்கு ஸ்கூல் பிடிச்சிருக்கு" என்றாள். அத்தையைப் பற்றிக் கேட்கவில்லை. ரத்னா புறப்பட்டபோது வாசல்வரை வரவுமில்லை. 'குழந்தை குடும்பத்துடன் நன்கு பொருந்திவிட்டது' என்று ரத்னா எழுதினாள். ராகேஷ் அந்த அறிக்கையைப் பேரை மட்டும் மாற்றி ஆண்டறிக்கையில் வெற்றிக் கதையாகச் சேர்த்துக்கொண்டான்.

பிப்ரவரியில் ஸ்ரீரங்கனும் மாளவிகாவும் சேர்ந்து அலுவலகத்துக்கு வந்தார்கள். தத்தெடுப்பு வரிசையில் அவர்கள் முறை வந்துவிட்டது. ஏழு மாதப் பெண்குழந்தை. ஒத்துக்கொள்ள நாற்பத்தெட்டு மணி நேரம்தான். ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஸ்ரீரங்கன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசினது மாளவிகா.

"ரெண்டு பேரையும் எங்களால பாத்துக்க முடியாது, ரத்னா. நான் வேலையை வேற விடணும். கைக்குழந்தை. மானசிக்கும் அது நியாயமா இருக்காது."

"ரெண்டு வருஷம் ஆனா மோனிஷாவையே தத்து எடுத்துக்கலாம் மேடம். பத்து மாசம் ஆயிடுச்சு."

மாளவிகா கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நிஜமான அழுகைதான். "மூணு வருஷமா வரிசையில நின்னுண்டிருக்கோம். இப்ப வேண்டாம்னா திரும்ப எப்போ வரும்? கைக்குழந்தைன்னா நம்மளையே அம்மா அப்பான்னு நெனச்சுண்டு வளரும். இவ நன்னாதான் இருக்கா. ஆனா ராத்திரி தூக்கத்துல இன்னும் அத்தேங்கறா. பத்து மாசம் நான் என்ன செஞ்சாலும் அத்தேதான்."

பிள்ளையை அழைத்துவர ரத்னா போன அன்று கூடத்தில் இரண்டு பைகள் தயாராக இருந்தன. இஸ்திரி போட்ட கவுன்கள், மதிப்பெண் அட்டை, பல் டாக்டரின் சீட்டுகள் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில். பூகோளம் அறையிலேயே இருந்தது. அந்த அறையில் தொட்டில் ஒன்று பிரிக்கப்படாத அட்டைப்பெட்டியில் நின்றது. பிள்ளை ஷூ போட்டுக்கொண்டு ரத்னாவின் கையைப் பிடித்தது, திரும்பிப் பார்த்தது.

"அம்மா, நீங்க வரல்லியா?"

மாளவிகா உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "அப்புறமா வருவா" என்றார் ஸ்ரீரங்கன். அந்த வீட்டில் எட்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர். சொல்ல வேண்டிய பொய்யை அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

ஆட்டோ லஸ் தாண்டி நந்தனம் வழியாகச் சைதாப்பேட்டை போய்ச் சேர்ந்தது. இல்லத்தின் வாசலைப் பார்த்ததும் பிள்ளைக்கு இடம் அடையாளம் தெரிந்துவிட்டது.  ஆனால் அழவில்லை. உள்ளே காப்பாளர் ஜெயஸ்ரீ பதிவேட்டைத் திறந்தாள். புதிதாக வேலைக்கு வந்தவள், போன வருடத்துக் கதை தெரியாது.

"பேர் என்னம்மா?"

பிள்ளை ரத்னாவை அண்ணாந்து பார்த்தது. "எந்தப் பேரைச் சொல்லணும்?"

ரத்னா பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருந்தாள். எத்தனையோ அழுகையைப் பார்த்தவள். அன்று வராந்தாவுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவுகிற மாதிரி நின்றாள்.

மறுநாள் காலை குப்பத்துக்குப் போனாள். பூங்காவனம் அவளைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை, வாவென்றும் சொல்லவில்லை. ரத்னா நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். பூங்காவனம் கத்தி பிடித்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணான்ட்டாங்களா?"

"அவங்களுக்கு வேற குழந்தை..."

"சுத்தி வளைக்காத. வேணான்ட்டாங்க. இப்ப என்னாண்ட வந்துகீற."

"நான் குழுவுக்கு எழுதறேன்மா. இந்தத் தடவை உங்களுக்குக் கிடைக்கும்."

"எத்தினி நாளைக்கு?"

"உத்தரவு ஒரு வருஷத்துக்குத்தான் போடுவாங்க. அப்புறம் பாத்து நீட்டிப்பாங்க."

"திரும்பத் தூக்க மாட்டேன்னு எய்தித் தருவியா?"

ரத்னாவால் தர முடியாது. "நான் இருக்கிறவரைக்கும் அப்படி நடக்காதும்மா" என்றாள்.

"அன்னிக்கும் ரெண்டு நாளுன்னு நீதான் சொன்ன." பூங்காவனத்தின் குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள், ரத்னாவும் திட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பாள். "அந்தப் புள்ளைய நான் மறந்துடணும்னு நெனச்சு நெனச்சு, அது துணியெல்லாத்தையும் எடுத்துத் தேசிங்கு பொண்ணுக்குக் குடுத்துட்டேன். போன மாசந்தான் குடுத்தேன்." கத்தியைக் கீழே வைத்தாள். எதிரே சரசு இருந்த வீட்டை வெகு நேரம் பார்த்தாள். அங்கே இப்போது வேறு யாரோ குடியிருந்தார்கள். "எந்நேரத்துக்கு வரணும்?" என்றாள் கடைசியில்.

ரத்னா புது அறிக்கை எழுதினாள். அதே அறை, அதே பொதுக் கழிப்பறை, அதே மகன், அதே கேஸ். 'அளவில் சிறியதெனினும் சுத்தமான, காற்றோட்டமுள்ள வீடு. குழந்தைக்கு நன்கு பழகிய சூழல். விண்ணப்பதாரருக்கும் குழந்தைக்கும் ஆழ்ந்த பிணைப்பு உண்டு.' போன வருடம் காலியாக விட்ட 'இதர குறிப்புகள்' கட்டம் போதாமல் தனித்தாள் இணைத்தாள். ராகேஷ் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். திருப்பி அனுப்பப்பட்ட ஏழு வயதுப் பிள்ளையைக் கேட்டு எந்த வரிசையிலும் யாரும் நிற்கவில்லை.

ஜமீலுன்னிசா மட்டும் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"போன வருஷம் பாத்த அதே வீடுதானே இது?"

"ஆமாம் மேடம்."

"ஏதாவது எடுத்துக் கட்டியிருக்காங்களா?"

"இல்ல மேடம்."

ஜமீலுன்னிசா பழைய உத்தரவின் அடியில் இருந்த தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புது உத்தரவில் இன்னொன்று போட்டார்.

ஏப்ரலில் இல்லத்து வரவேற்பறையில் பிள்ளையை ஒப்படைத்தார்கள். பூங்காவனம் இரண்டு நாளாக மீன் தொடவில்லை. பவுடர் போட்டிருந்தாள், பூ வைத்திருந்தாள். பிள்ளை ஓடி வரும் என்று ரத்னா எதிர்பார்த்தாள். போன ஆகஸ்டில் சாலையைக் கூடப் பார்க்காமல் ஓடிய பிள்ளை. அது நின்ற இடத்திலேயே நின்றது. பூங்காவனம் குனிந்து கையை நீட்டியபோது, கன்னத்தில் படப்போன விரல்களை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த விரல்களை விட்டுப் போகாத வாசனை.

"வூட்டுக்குப் போலாமா, மோனி?"

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டது பிள்ளை. பூங்காவனத்தைப் பார்த்தல்ல, ரத்னாவைப் பார்த்து.

 பூங்காவனம் இரண்டு பைகளையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பிள்ளை இரண்டடி தள்ளிப் பின்னால் போயிற்று.

அதன் பிறகு ரத்னா மாதாமாதம் குப்பத்துக்குப் போனாள். மே மாதம் பிள்ளை அவளோடு பேசவில்லை. ஜூனில் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஜூலையில் போனபோது வீட்டில் யாரும் இல்லை. மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு எல்லம்மா ரத்னாவைப் பார்த்ததும் கரைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "பூங்காவனம், ஆபீசம்மா வந்துக்குது."

பூங்காவனம் மணலில் வேகமாக வந்தாள். ஆனால் வீட்டுக்கு வராமல், கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகளிடம் போனாள். ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாள். நாலாவது படகுக்குள் குவித்திருந்த வலையைத் தூக்கினாள். உள்ளே மோனிஷா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே ஓடியிருக்கிறாள்.

"வா மோனி. பாத்துட்டுப் பூடுவாங்கோ."

"கூட்டிட்டுப் போ மாட்டாங்களே?"

"மாட்டாங்கோ."

"சத்தியமா?"

பூங்காவனம் சத்தியம் பண்ணவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளையின் கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பிள்ளை அவள் முந்தானையைப் பற்றவில்லை. கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தது, மூச்சு முட்டும்படி.

வீட்டு வாசலில் ரத்னா ஃபாரத்தைத் திறந்தாள். முதல் கேள்வியைக் கேட்க வாயெடுப்பதற்குள் பிள்ளை மடமடவென்று சொல்லத் தொடங்கியது. "மூணு வேளை சாப்புடுறேன். நல்லா தூங்குறேன். யாரும் அடிக்கல. ஸ்கூல் போறேன். இந்த வூடு பிடிச்சிருக்கு. அத்தையப் பிடிச்சிருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

"போதும் கண்ணு" என்றாள் ரத்னா.

பூங்காவனம் கையெழுத்துப் போட்டாள். இந்த வருடத்தில் அவள் கையெழுத்து நன்றாகத் திருந்தியிருந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னாள்.

"ஒரு போன் பண்ணிட்டு வா மேடம், அடுத்த தபா. நீ வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு சோறு துண்ண மாட்டேங்குது. முன்னாடியே தெரிஞ்சா எதுனா சொல்லி வெப்பேன்."

முன்பெல்லாம் 'அம்மா' என்றுதான் அவள் ரத்னாவைக் கூப்பிடுவாள்.

"சரிம்மா, பண்றேன்" என்றாள் ரத்னா.

வளர்ப்புக் குடும்பங்களுக்கு முன்னறிவிப்பில்லாமல்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. மயிலாப்பூருக்கு ஒவ்வொரு முறையும் அவள் போன் பண்ணிவிட்டுத்தான் போனாள். மாளவிகாவுக்குப் பள்ளி நேரம் ஒத்து வர வேண்டுமே. ஆகஸ்ட் இரண்டாவது வாரம் குப்பத்துக்குப் புறப்பட்ட அன்று காலை, ரத்னா போனைக் கையில் எடுத்தாள். குழுவிலிருந்து அந்த வாரம்தான் சுற்றறிக்கை வந்திருந்தது. எல்லா வருகைகளும் திடீர் வருகைகளாகவே இருக்க வேண்டும், வருகைக்கு முன் தொலைபேசியில் பேசியது தெரிந்தால் விளக்கம் கேட்கப்படும் என்று. ராகேஷ் அதில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தான்.

அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். குப்பத்துச் சந்துக்கு இரண்டு தெரு முன்னாலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு, சத்தம் வராமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.